ஊதா படரும் பத்து நிமிடம்

மணிவோனுக்கு ஓரிடத்தில் உட்காரவே முடியாது. தெற்கு லாவோஸில் காட்டை ஒட்டிய ஊர் அவளுடையது. பதினொரு வருடமாக அங்கே அவள்தான் மலேரியா ஊழியர். அதற்கு முந்தைய வருடம் அவள் தம்பி, சந்தையில் யாரோ கொடுத்த மலேரியா மாத்திரையை இரண்டு நாள் விழுங்கினான். மூன்றாம் நாள் சிறுநீர் கடுங்காப்பிபோலக் கறுத்தது. ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தான்.

காரணம் பயிற்சிக்குப் போனபோதுதான் தெரிந்தது. சிவப்பணுவைக் காக்க ஒரு நொதி உண்டு. நீண்ட சங்கிலியாக இருக்கும் அது சரியாகச் சுருண்டு மடிந்தால்தான் வேலை செய்யும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மாறியிருக்கும். மடிப்பு சீக்கிரம் குலைந்துவிடும். காவலில்லாத அந்த அணுக்களை மாத்திரை உடைத்துவிடும். தாய் வழியாக மகன்களுக்கு வருவது.

ஒரு காலை, மரவள்ளித் தோட்டத்தில் வேலை செய்யும் போன்கேயோ வந்தான். மூன்று மாதத்தில் மூன்றாவது காய்ச்சல்.

“ஈரல்ல ஒளிஞ்சிருக்கிற கிருமியக் கொல்ற மாத்திரையக் குடுங்கக்கா. லாரி நிக்குது.”

“மொதல்ல விரல நீட்டு.”

“உங்களுக்குக் கொசுவே தேவல!”

சோதனைப் பட்டையில் ஊதா நிறம் படர்ந்தால் நொதி நன்றாக இருக்கிறது. அதற்குப் பத்து நிமிடம். மணிவோன் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஊதா வரவில்லை.

“உனக்குத் தெனமும் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவ, எட்டு வாரம். பழைய அணு கொஞ்சம் உடையும், அதுக்குள்ள புதுசு ஊறிடும். புதுசுல நொதி கொஞ்சம் தெம்பா இருக்கும்.”

“எட்டு வாரமும் நான் தோட்டத்துலல்ல கெடப்பேன்?”

“நான் வர்றேன்.”

வியாழன்தோறும் சேற்றில் பைக்கை ஓட்டிப் போனாள். மாத்திரை கொடுத்தாள். அவன் சிறுநீரைப் பாட்டிலில் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். தோட்டமே சிரித்தது. எட்டாம் மாத்திரையை விழுங்கிவிட்டு அவன் கேட்டான்: “உங்க பையனுக்குப் பாத்துட்டீங்களாக்கா?”

அவள் பைக்கைக் கிளப்பினாள். ஊரில் எல்லோர் விரலையும் குத்தியவள், மகன் சோம்பத்தின் விரலை மட்டும் தொட்டதில்லை. அடுத்த வாரம் அவன் காட்டு வேலைக்குக் கிளம்புகிறான்.

வீட்டுக்கு வந்ததும் குத்தினாள். பத்து நிமிடம் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பட்டை வெளுத்தே கிடந்தது.

சோதனை முடிவை ஓர் அட்டையில் எழுதி அவன் பணப்பையில் திணித்தாள். “யாரு என்ன மாத்திர குடுத்தாலும் இதக் காட்டணும்.”

“சரிம்மா.”

“சரியெல்லாம் வேணாம். என்ன சொல்லிக் காட்டுவே? சொல்லு, கேக்கறேன்.”

அவன் சொன்னான். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.