கிராந்த் டிக்சான்ஸ் அணையில் ஒரு ஜூலை மதியம்

ரயில் நின்ற ஸ்டேஷனின் பெயர்ப் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மும்பையில் தாராவியை ஒட்டிய எங்கள் சயான் ஸ்டேஷனில் இருக்கும் அதே ஆங்கில எழுத்துகள்! இங்கே சியோன் என்கிறார்கள். சுவிட்சர்லாந்தில், ஆல்ப்ஸ் அடிவாரத்து ஊர்.

"இறங்குலே, நம்ம ஸ்டேஷன்தான்," என்றாள் அக்கா.

அக்கா இந்த நாட்டில் நர்ஸ். இந்த ஊர்க்காரர் ஒருவரைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து, ஐந்து வருடமாக அப்பா அவளோடு பேசுவதில்லை. லீவுக்கு என்று சொல்லித்தான் வந்தேன். ஆனால் இருவரையும் ஒரு வார்த்தையாவது பேச வைக்காமல் திரும்ப விமானம் ஏறக் கூடாது என்றிருந்தேன்.

பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வளைவுக்கு மேல் வளைவு. பழத்தோட்டங்கள் போய், ஊசியிலை மரங்களும் போய், திடீரென்று வானத்தை மறைத்தபடி ஒரு கான்கிரீட் சுவர். கிராந்த் டிக்சான்ஸ் அணை! உயரம் இருநூற்று எண்பத்தைந்து மீட்டர். உச்சிக்குக் கேபிள் கார்.

அதை ஓட்டுபவரிடம் ஆர்வமாக, "எப்ப நிரம்பி வழியும்?" என்று கேட்டேன். அக்கா பிரெஞ்சில் சொன்னதும் மனிதர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"வழிஞ்சா மொதல்ல ஓடுறது அவருதானாம். லே, இது பொவாய் இல்ல!"

ஜூலையில் பொவாய் ஏரி வழிகிறது என்றால் அப்பா கடையைப் பாதியில் சாத்திவிடுவார். எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போய், வழிகிற தண்ணீரில் நிற்க வைப்பார். தொப்பலாக நனைந்தபடி தின்ற அந்த வடாபாவின் சூடு இன்னும் நாக்கில் இருக்கிறது.

அணையின் மேல் ஸ்வெட்டரையும் மீறிய குளிர். பச்சையில் பால் கலந்தது போல் தண்ணீர், சுற்றிலும் பனிமலை. வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். அக்கா சட்டென்று ஒதுங்கிக்கொண்டாள்.

"ஏயப்பா, கடல் கணக்கால்லா கெடக்கு! எத்தன பர்சென்ட் ரொம்பியிருக்குலே?"

"தெரியலப்பா."

"அம்புட்டு தூரம் போயிருக்க, அதக் கேக்காண்டாமா?"

"பாதிதான்ப்பா." அக்காவின் குரல். "பனி உருகி வரணும். செப்டம்பர்லதான் நெறையும்."

திரையில் அப்பாவின் முகம் அசையவில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பயந்தேன்.

"இங்க துளசி ஏரி நேத்து ரொம்பிட்டு," என்றார் கடைசியில். "அவகிட்ட சொல்லு."

"எங்கிட்டயே சொல்லுங்கப்பா," என்று அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அணைச்சுவர் எழுநூறு மீட்டர் நீளம். மறுமுனைவரை நடந்தேன். இதே நேரம் தாராவியில் மழை தகரத்தில் விழும் சத்தத்தில் அப்பா கத்தித்தான் பேச வேண்டியிருக்கும். இங்கே காற்றைத் தவிரச் சத்தமே இல்லை. திரும்பி வந்து, கேபிள் காருக்கு நேரமாகிவிட்டதென்று அக்காவுக்குக் கை காட்டினேன்.

பொறு என்று அவளும் கையைக் காட்டினாள்.