நாய்க்கு வைத்த மாத்திரை

மாதத்தில் அந்த மூன்று நாள் நான் அடுக்களைக்குள் போகக் கூடாது. திருநெல்வேலி டவுணில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் தொண்ணூறுகளிலும் அதுதான் சட்டம். அன்று பின்வாசலில் உட்கார்ந்திருந்தேன். தோசைக்கு ஊறப்போட அத்தை வெந்தய டப்பாவை எடுப்பது அங்கிருந்தே தெரிந்தது. ஓடிப்போய்ப் பிடுங்க வழியில்லை.

டப்பாவுக்குள் கருத்தடை மாத்திரை அட்டை இருந்தது.

எனக்கில்லை, கொல்லையில் சுற்றும் செவலை நாய்க்கு. போன தடவை அது குட்டி போட்டபோது தெருக்காரர்கள் புகார் சொல்லி, நாய் வண்டி வந்து, கண் திறக்காத குட்டிகளைக் கோணியில் அள்ளிக்கொண்டு போனார்கள். தெருநாய்க்கு ஆபரேஷன் செய்ய அப்போது எங்கள் பக்கம் ஆளில்லை. என் பெரியம்மா மகள் சுகாதார நர்ஸ். அவளிடம் இலவச மாத்திரை வாங்கி, தினமும் பின்வாசல் கல்லருகே ஒன்றைப் பிதுக்கிச் சோற்றில் பிசைந்து வைத்தேன். நாய்க்கு அது ஆகாது, கர்ப்பப்பை கெட்டுப்போகும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. பிள்ளையில்லாதவள் அந்த அட்டையை வீட்டில் எங்கே வைப்பாள்? வெந்தயத்துக்கு அடியில் ஒளித்தேன். பெரிய புத்திசாலி!

அத்தைக்கு எழுதப் படிக்க வராது. ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் தெரியாதவர் அன்றைக்கு யார்?

“ஏட்டி, இது யாருக்கு?”

“நாய்க்கு, அத்தை.”

“நாய்க்கா? நான் என்ன கூறுகெட்டவளா? மூணு வருசமா எம்புள்ளைய ஏமாத்திக்கிட்டு இருக்க!”

சத்தம் கேட்டுக் கணவர் வந்தார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அத்தை திட்டியதைவிட அந்தப் பார்வைதான் பயமாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் என்னை அம்மா வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

“எத்தனைய முழுங்குன?” என்று அத்தை ஒரு மாத்திரையைப் படக்கென்று பிதுக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். மாத்திரை பிதுங்கிய அந்தச் சத்தம் கேட்டதும் நாய் கொல்லையிலிருந்து ஓடி வந்தது. அத்தையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் சோறு வைக்கும் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, என்னைப் பார்த்து வாலாட்டியது.

கணவர் பெருமூச்சு விட்டார். தப்பித்தேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தை நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியபோது குரல் தணிந்திருந்தது.

“வாயில்லா சீவன் வயித்த அடைச்சிருக்க. பொறவு உன் வயிறு எப்படிட்டி தொறக்கும்?”

“அம்மா சொல்லுதது சரிதான்” என்றார் கணவர். டாக்டரிடம் சேர்ந்து போவோம் என்று நான் கெஞ்சியபோதெல்லாம் வராத மனுஷன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் மாத்திரையை நிறுத்தினேன். ஐப்பசி மழையில் நாய் விறகு அறைக்குள் குட்டி போட்டது. அத்தை தினமும் என் கையாலேயே பால் வைக்கச் சொன்னார். நான் குனிந்து வைக்கும்போது பக்கத்திலேயே நிற்பார். குட்டிகளைப் பார்க்க மாட்டார், என் வயிற்றைத்தான் பார்ப்பார்.