சுவர்ப் பக்கத்துக் கோடு

என் சகலையைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். என் பொண்டாட்டியோட தங்கச்சியைக் கட்டினவன். பால் கம்பெனியில அவனைச் சேத்துவிட்டதே நான்தான். எட்டு வருஷத்துல என்னையே தாண்டிட்டான். சாப்பிட உக்காந்தா போதும், "தங்கச்சி வீட்டுக்காரரு தலைமை மெக்கானிக் ஆகப்போறாராமே"ன்னு இவ ஆரம்பிப்பா. சோறு இறங்குமா?

அவன் கெட்டிக்காரத்தனம் எல்லாம் அந்தத் தகடு கூலர்லதான். நூறு தகடு நெருக்கமா தொங்கும். ஒரு இடுக்குல காய்ச்சின பால், அடுத்த இடுக்குல அமோனியா மிஷின் சில்லாக்கி அனுப்புற தண்ணி. ரெண்டும் கலக்காது. நடுவுல இருக்கற மெல்லிசுத் தகடு வழியா பாலோட சூடு மட்டும் தண்ணிக்குப் போயிடும். அத்தனையையும் கழட்டிக் கழுவி, ஒண்ணு நேரா, அடுத்தது தலைகீழான்னு மாட்டி, டேப் வச்சு அளந்து அளந்து முடுக்குவான். வேலை அவ்வளவு சுத்தம். அதைச் சொல்லக்கூட எனக்கு மனசு வரல.

கழட்டறதுக்கு முன்னாடியே தகடுங்க விளிம்புல சாய்வா ஒரு பெயிண்ட் கோடு இழுத்துடுவோம். திரும்ப மாட்டினதும் கோடு விட்டுப்போகாம வந்தா வரிசை சரி. இந்தப் பக்கம் குழாய் மறைக்கும், அதனால கோடு சுவர்ப் பக்கம். கூலருக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கற சந்துல அவன் தொப்பை நுழையாது. அன்னிக்கும் நான்தான் நுழைஞ்சேன்.

"அண்ணே, கோடு சரியா இருக்கா?"ன்னு கேட்டான்.

நடுவுல ஒரு தகடு தலைமாறித் தொங்குது. கோடு அங்க மட்டும் விட்டுப்போயிருக்கு.

"சரியா இருக்கு, முடுக்கு"ன்னேன். மேனேஜர் முன்னாடி ஒரு தடவையாவது அவன் மூக்கு உடையட்டுமே.

தண்ணி விட்டுச் சோதிச்சப்போ நடுவுலேர்ந்து பீய்ச்சி அடிச்சு மேனேஜர் சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. வாசல்ல பால் லாரி வரிசையா நிக்குது. "யாருய்யா கோடு பாத்தது?"ன்னு கேட்டாரு.

"நான்தான் சார்"னான் சகலை.

அடுத்த வாரம் அந்தத் தலைமை மெக்கானிக் பதவி எனக்கு வந்துது. இவ தெரு பூரா சொல்லிட்டு வந்தா. சாயங்காலம் அவனும் வந்து கையைக் குடுத்தான். கூலரைத் திரும்பப் பிரிச்சவனே அவன்தான், தலைமாறின தகடு கையில வந்தப்பவே நான் பொய் சொன்னது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்.

"ஏம்ப்பா சொல்லல?"ன்னு மெதுவா கேட்டுட்டேன்.

"சொன்னா உங்க வேலை போயிருக்கும். அக்காவும் தங்கச்சியும் அப்புறம் பேசிப்பாங்களா? விடுங்கண்ணே."

செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். ஒரு மனுஷனால எப்படி இப்படி இருக்க முடியுது? இப்போ அதுக்கும் சேத்து எனக்கு வயிறு எரியுது.