பிரேக் இல்லாத பக்கம்

பேருந்தில் உட்கார்ந்தாலும் அவருக்கு வாய் சும்மா இருக்காது. சாலை திரும்பும் முன்பே, "இடது நாலு, உடனே வலது ரெண்டு, உள்ள வெட்டாத" என்று முணுமுணுப்பார். முன்னிருக்கைக்காரர் திரும்பி முறைப்பார். மனைவி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, இந்த மனிதரைத் தெரியாதவள்போல் வெளியே பார்ப்பாள்.

கார் ரேலிப் பந்தயத்தில் அவர் இணை ஓட்டுநர். பெயர்தான் ஓட்டுநர், ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. காட்டுப்பாதையில் மச்சான், மனைவியின் அண்ணன், புழுதி பறக்க ஓட்டுவார். இவர் பக்கத்தில் குனிந்தபடி மடியிலுள்ள குறிப்பை வாசிப்பார். வளைவுக்கு வளைவு ஓர் எண். ஒன்று என்றால் ஊர்ந்து போக வேண்டும்; ஆறு என்றால் மிதித்த காலை எடுக்கவே வேண்டாம். நிமிர்ந்து பார்த்தால் வரி தவறிவிடும். ஆகவே, போகிற வழியைப் பார்க்காமலே வழி சொல்கிறவர். கார் எங்கே இருக்கிறது என்பதை இருக்கையின் குலுக்கலில் இடுப்பால் அறிவார். அந்தத் திறமை மெய்யானது, மறுப்பதற்கில்லை. மெய்யான சரக்கு அவரிடம் அவ்வளவுதான்.

"வண்டிய ஓட்டுறது அவரு கால் இல்லீங்க, என் வாய்" என்று முடிவெட்டும் கடையில் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார். மச்சான் எதிரில் அதே வாய் 'ஆமா' என்பதற்கு மட்டுமே திறக்கும். கார் மச்சானுடையது, பக்கத்து இருக்கை கல்யாணத்தோடு வந்தது. மெக்கானிக்குகள் அவருக்கு வைத்த பெயர் 'ஆமாங்க'. அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

பந்தயத்துக்கு முன்பு இருவரும் பாதையில் மெதுவாகப் போய்க் குறிப்பெடுப்பது வழக்கம். இந்த முறை கல்குவாரியை ஒட்டி, மேட்டுக்கு அப்பால் மறைந்து ஓர் இடது வளைவு. ஓரத்தில் தடுப்பில்லை, ஆழத்தில் பச்சைத் தண்ணீர்.

"மூணு, மச்சான்."

"மூணா? போன தடவ நம்மள முந்தின அந்தப் பொடிப்பய இதுல நாலுல போனான். அஞ்சு போடு மாப்ள."

"அதான் நானும் நெனச்சேன். அஞ்சேதான்." ரப்பரை எடுத்து மூன்றை அழித்தார்.

மச்சானின் தைரியத்தை அவர் இப்படிப் பென்சிலால் வளர்த்து வந்தார். முன்பே இரண்டு தடவை வண்டி பள்ளத்தில் படுத்திருக்கிறது. "மாப்ள தப்பா வாசிச்சுட்டாரு" என்று மச்சான் ஊரெல்லாம் சொன்னார். இவர் அதற்கும் ஆமாம் போட்டார்.

குவாரி வளைவைப் பற்றி மனைவியிடம்தான் புலம்பியிருந்தார். பந்தயத்தன்று ஹெல்மெட் வாரைச் சரிசெய்யும் சாக்கில் அவள் குரலைத் தாழ்த்தினாள்: "எங்கண்ணன் வீம்புக்கு ஓட்டுவாரு. ஆனா அந்த வேகத்துல உங்க வாய்தான் அவருக்குக் கண்ணு. மூணுன்னே சொல்லுங்க. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"மூணுன்னுதான் சொல்லப்போறேன். எனக்கென்ன பயம்?" என்று அவளிடமும் தலையாட்டினார். யார் சொன்னாலும் ஆடுகிற தலை. ஹெல்மெட் அதை இன்னும் பெரிதாகக் காட்டியது.

கொடி இறங்கியது. சரளைக்கல் வண்டியின் வயிற்றில் ஆலங்கட்டியாக அடித்தது. அவர் குரல் மட்டும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒரே சீராகப் போயிற்று. "வலது நாலு... மேடு..." பக்கத்தைப் புரட்டினார். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து கிடந்தது. குரல் நின்றது.

"சொல்லு மாப்ள" என்று மச்சான் கத்தினார்.

"இடது அஞ்சு."

வண்டி மேட்டில் எழும்பி விழுந்து, பின்பக்கம் வழுக்கியது. பின்சக்கரம் ஒன்று குவாரிக்கு மேலே அந்தரத்தில் சுழன்றது. பம்பர் பிய்ந்து தண்ணீருக்குப் போயிற்று. முன்சக்கரங்கள் எதையோ கவ்வி இழுத்தன. தப்பினார்கள், அதில் இருவருக்கும் பங்கில்லை.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் மச்சான் குதித்திறங்கிக் கதவைத் தட்டினார். "பாத்தியா மாப்ள? அஞ்சுதான்."

"ஆறே போட்டிருக்கலாம் மச்சான்."

இறங்கப் பார்த்தார், வலது கால் அவரோடு வரவில்லை. பிரேக் இல்லாத அந்தப் பக்கத்துத் தரையை மிதித்தது மிதித்தபடி, முட்டி மடங்காமல் விறைத்திருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று நோட்டம் விட்டார். பிறகு இரண்டு கைகளாலும் அந்தக் காலைத் தூக்கி, மூட்டையை இறக்குவதுபோல் மெல்ல வெளியே இறக்கி வைத்தார்.