ஊரிகம் பேக்கரிக்கு வந்த கறுப்பு எண்ணெய்

இதில் சொல்லப்போவது:
1. பங்காருபேட்டையிலிருந்து ஊரிகத்துக்கு வழி
2. அடுப்பு எண்ணெயின் தரங்கள்
3. லாரிக்காரர் ஏமாற்றும் விதம்

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு, அக்கா மகள் ஸ்டெல்லா கோலார் தங்கவயலின் ஊரிகத்தில் புதிதாக எடுத்த பேக்கரியைப் பார்க்கப் போனேன். சென்னையில் காலை ரயில் ஏறினால் மதியம் பங்காருபேட்டை. அங்கிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 350 ரூபாய். அதிகம் கொடுத்துவிட்டேனோ என்று இன்னும் சந்தேகம்.

இங்கே கேக் மாவை வீட்டிலேயே கலக்கி, தட்டில் பெயர் எழுதி பேக்கரியில் சுடக் கொடுப்பார்கள். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து வந்த தட்டுகள் வரிசையாகக் காத்திருந்தன. அடுப்பின் எண்ணெய் பர்னரோ புகை கக்கியது.

"மாமா, இன்னும் லேட்டானா மாவு அமுங்கிடும். அப்புறம் சபைல தலைகாட்ட முடியாது" என்றாள் ஸ்டெல்லா.

புதிதாக வந்த எண்ணெய்ப் பீப்பாயில் குச்சியை விட்டேன். எண்ணெய் பாகாக ஒட்டியது. டம்ளரில் எடுத்து வெந்நீரில் வைத்ததும் இளகியது. சின்ன பர்னருக்கு எல்.டி.ஓ. என்ற லேசான டீசல் எண்ணெய் வேண்டும். அது சூடாக்காமலே பாயும். பர்னஸ் ஆயில் கனமானது, மலிவு. பாய்லருக்கும் தொழிற்சாலை உலைக்கும் ஆனது. சூடாக்கித்தான் தெளிக்க முடியும். பீப்பாயில் இருந்தது பர்னஸ் ஆயில்தான் என்று தோன்றியது.

காலிப் பீப்பாய் எடுக்க, எண்ணெய் கொண்டுவந்த லாரி ஓட்டுநர் முனிராஜு வந்தார். எண்ணெய் மாறிவிட்டதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இன்னா பெரியவரே, திருடனப் பாக்கற மாரி பாக்கறீங்க? கேட்டதத்தான் கொண்டாந்தேன். அக்கா வூட்டுக்காரரு பால் அண்ணனாண்ட கேளுங்க, வேணாம்னுகூட சொன்னேன்."

நான் நம்பவில்லை. பணம் கொடுக்காதே என்று ஸ்டெல்லாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

இரண்டரைக்கு அவள் கணவர் பால், தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்தார். "நான்தான் மாமா சொன்னேன். எங்க ஃபேக்டரி ஷாப்புல இதான் எரியுது. விலையும் கம்மி."

"உங்க ஷாப்புல கேக்கா சுடறாங்க?" என்றாள் ஸ்டெல்லா.

அங்கே எண்ணெய் சூடேறித்தான் பர்னருக்கு வருகிறது. அதை அவர் கவனித்ததில்லை.

முனிராஜு பீப்பாயைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய், நான்கு மணிக்கு எல்.டி.ஓ.வோடு வந்தார். பர்னரைத் துடைத்து மூட்டினோம். ஏழரைக்குக் கடைசித் தட்டு வெளியே வந்தது. இரண்டு வீட்டுக் கேக் மட்டும் நடுவில் அமுங்கிவிட்டது. அவற்றை ஸ்டெல்லா தன் செலவில் மறுபடி செய்து, தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

டிசம்பரில் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ வாடகையை ஏறுமுன் பேசிவிடுங்கள். மேலே உள்ள மூன்றாவது குறிப்பை முனிராஜு வாய் திறக்கும் முன்பே முடிவு செய்துவிட்டேன். அழிக்காமல் விட்டிருக்கிறேன். அந்தக் குறிப்பு தவறு.