விளைச்சல் அளந்தவர்

ஒரு நெல் ரகம் எல்லா மண்ணிலும் சீராக விளைகிறதா என்று சோதிக்கும்போது, அளக்கும் ஆள் ஊருக்கு ஊர் மாறக்கூடாது என்பது எங்கள் துறையின் விதி. வீட்டில் நெடுநாள் நோயாளி இருப்பவரை வெளியூரில் தங்கவைக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. மேலிடத்தில் முதல் விதியை மட்டும் படித்திருந்தார்கள்.

அதனால் எங்கள் கள உதவியாளர் ஒருவர், சோதனை வயல்கள் இருந்த வெளியூர்களான சபாக்கிலும் புஞ்சாக் ஆலாமிலும் மாறி மாறித் தனியாகத் தங்கினார். ஒல்லியான மனிதர். வெயிலில் காதுமடல்கள் தோலுரிந்திருக்கும். வயலில் நிற்கும்போதெல்லாம் சட்டைப் பையில் கைப்பேசி அழைப்பிலேயே இருக்கும். மறுமுனையில், புக்கிட் ரோத்தான் வீட்டில், படுத்த படுக்கையாய் மனைவி. இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

"ஃபோனைப் போட்டுட்டு வாயைத் திறக்கவே மாட்டேங்கிறீங்களே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவ டிவி பாக்குறா சார், நான் நெல்லைப் பாக்குறேன். வீட்ல இருந்தாலும் இப்படித்தான்லா இருப்போம்."

மூன்றாவது சோதனை வயல் அவருடைய ஊரான புக்கிட் ரோத்தானிலேயே இருந்தது; அதோடு தன்னை நிறுத்திக்கொள்ளும்படி விண்ணப்பித்தார். நானும் பரிந்துரைத்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். அந்தப் போகமும் முடிந்தது. ரகம் மூன்று ஊரிலும் சீராகவே விளைந்தது.

இனி அவர் வெளியூர் போக வேண்டியதில்லை என்ற அனுமதி, அந்த அம்மாளின் பதினாறாம் நாள் காரியத்தன்று வந்து சேர்ந்தது.