அந்த நகரத்து மழை

சென்னையில் வேலை போய் செஞ்சிக்குத் திரும்பிய வருஷம், பகலெல்லாம் லேப்டாப்பில் ஒரு துப்பாக்கி விளையாட்டையே கட்டிக்கொண்டு அழுதேன். வருங்காலத்து நகரம் ஒன்று. கம்பெனிகள் ஆளும் ஊர். வானத்தை மறைக்கும் கட்டடங்கள், கண்ணைப் பறிக்கும் விளம்பர விளக்குகள், கையைக் கழற்றிவிட்டு இரும்புக் கை மாட்டிக்கொண்ட மனிதர்கள். கதை சுமார்தான். நாலு பேரைச் சுட்டால் அடுத்த தெரு, அவ்வளவே.

ஆனால் அந்த மழை! தகரக் கூரையில் ஒரு சத்தம், தார் ரோட்டில் ஒரு சத்தம், என் ஆளின் கோட்டு மேல் வேறொரு சத்தம். அதைக் கேட்கவே சந்து சந்தாகச் சுற்றுவேன். அங்கே ஒருத்தனுக்கும் விடிவு கிடையாது. அதனாலேயே அந்த ஊர் எனக்குப் பிடித்திருந்தது.

வல்லம் பக்கத்து மானாவாரி நிலத்தில் நைனா, என் அப்பா, மணிலாக் கடலை போட்டிருந்தார். பூத்து, விழுது மண்ணில் இறங்க வேண்டிய சமயம். ஒரு மழை போதும். மண் இறுகிவிட்டால் விழுது இறங்காது, காய் பிடிக்காது. தினமும் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்காருவார்.

"இன்னாடா இது, எந்நேரமும் பெய்யுது?"

"கேமு நைனா. நெஜம் இல்ல."

"ஒரு செடி காணோமே. தண்ணி எங்க போவுது?"

"சாக்கடைக்கு," என்றேன் எரிச்சலோடு. மனுஷன் அதற்கு உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அமாவாசைக்கு மேல்மலையனூர் போன அம்மா தொப்பலாக நனைந்து வந்தாள். "அங்க கொட்டு கொட்டுன்னு கொட்டுது," என்றாள். இங்கே பாறையெல்லாம் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. நைனா அவளுடைய ஈர முந்தானையைத் தொட்டுப் பார்த்தார்.

அப்புறம் ஒருநாள் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து காட்டினார். விழுதெல்லாம் மண்ணைத் தொடாமலே கருகித் தொங்கின.

பயிரைக் கைவிட்டதை எங்கள் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு மந்தையை நிலத்தில் ஓட்டச் சொல்வார்கள். அதிலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். ஆடு மேய்வதை நிலத்துக்காரர் நின்று பார்ப்பதும் இல்லை. நைனாவும் ஆட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார், கால் கழுவினார், பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த மழயப் போடு."

போட்டேன். தெருமுனையில் ஒரு கும்பல் துப்பாக்கியோடு வந்தது. நானும் தூக்கினேன்.

"சுடாத. மழ சத்தம் கேக்கல."

சுடாமல் நின்றேன். அவர்கள் சும்மா இருப்பார்களா? என் ஆள் தண்ணீரில் குப்புற விழுந்தான். அவன் முதுகில் மழை பெய்துகொண்டிருந்தது.

"செத்துட்டானா?"

"ஆமா நைனா."

"மறுபடி வருவானா?"

"எத்தினி தடவ வேணாலும் வருவான்."

நைனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"குடுத்து வெச்சவன்," என்றார்.